பெண் வீட்டார் வரும் நாளில் லேசர்

தன் வாய் நாறுகிறது என்ற செய்தி, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பிறகு கடைசியாகத்தான் வாய்க்குச் சொந்தக்காரனிடம் வந்து சேரும். எனக்கு அதைக் கொண்டுவந்து சேர்த்தவர் என் மூத்த சகோதரி, ராத்தா.

அப்போது நான் சாய்ந்தமருதில் போன் திருத்தும் கடை வைத்திருந்தேன். சம்மாந்துறையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண் ஆசிரியை. படத்தைப் பார்த்த அன்றே மனதுக்குள் அவர்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாகக் குடிபோய்விட்டேன். (பெட்டி படுக்கை மட்டும்தான் பாக்கி.)

"வெள்ளிக்கிழமை பொண்ணுட வாப்பா உன்னைப் பார்க்க வாறார். பக்கத்தில இருந்து கதைப்பார்" என்றார் ராத்தா. "உன்ட வாயோட அது சரிவராது. பல்லு விளக்கக்குள்ள இரத்தம் வேற வருது. டொக்டரிட்டப் போ!"

கல்முனையில் ஒரு பல் டொக்டரிடம் போனேன். அவர் பார்த்துவிட்டு, ஈறில் முரசு நோய் என்றார், பல்லில் கல்லாய்ப் படிந்த காறை என்றார், இன்னும் என்னென்னவோ சொல்லி, லேசரும் வைக்கலாம் என்றார். லேசர் என்றதும் மற்ற எதுவும் என் காதில் ஏறவில்லை. போட்டோ எடுப்பதுபோல ஒரு மின்னலில் முடிந்துவிடும் என்று நம்பி, வெள்ளிக்கிழமையே நேரம் கேட்டேன். ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு லேசர், பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பெண் வீட்டார். இடையில் ஒரு குளியலும் போடலாம் என்று திட்டமிட்ட மூளை என்னுடையது.

கதிரையில் சாய்ந்ததும் டொக்டர் ஊசியை எடுத்தார்.

"ஊசியா? லேசர்தானே டொக்டர்?"

"லேசர் மேலதிகமாச் செய்யிறது. முதல்ல விறைக்க வெச்சு, முரசுக்குக் கீழ இருக்கிற காறையைச் சுரண்டி எடுக்கணும்."

"சுரண்டாம வெளிச்சத்தை மட்டும் அடிச்சு விட ஏலாதா?"

"வீட்டைக் கூட்டாமச் சாம்பிராணி போட்டா சரிவருமா தம்பி? வாயைத் திறங்க."

சுரண்டினார். வலிக்கவில்லை. ஆனால் சம்மாந்துறை வயல் வாய்க்கால்கள் அத்தனையையும் என் வாய்க்குள் வைத்துத் துப்புரவு செய்வதுபோல் சத்தம். பிறகு கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, பேனா போன்ற ஒன்றை முரசோரம் நுழைத்து லேசர் பாய்ச்சினார். நான் ஆவலோடு காத்திருந்த அதிசயம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. மருந்துத் தண்ணீரால் கொப்பளித்தேன். "விறைப்பு இறங்கும்வரை சூடா ஒண்டும் குடிக்க வேணாம்" என்று அனுப்பினார்.

வீட்டில் பெண்ணின் வாப்பாவும் அவருடைய தம்பியும் ஏற்கனவே வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் சலாம் சொன்னேன். காற்று மட்டும் வந்தது. கீழுதடு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. பதற்றத்தில் ராத்தா வைத்த தேநீரை எடுத்துக் குடித்தேன். பாதி சட்டைக்குப் போனது.

"என்ன மகன், முகமெல்லாம் ஒரு மாதிரி?" என்றார் பெண்ணின் வாப்பா.

உண்மையைச் சொல்வதே நல்லது என்று நினைத்து, இருந்த பலத்தையெல்லாம் திரட்டி, "லேசர் அடிச்சன்" என்றேன். விறைத்த நாக்கு கடைசி 'ர்' என்ற எழுத்தை விழுங்கிவிட்டது.

"லேசா அடிச்சீங்களா?"

நான் உற்சாகமாகத் தலையாட்டினேன். "ஓம்!"

"வெள்ளிக்கிழமையிலயா?" என்றார் தம்பிக்காரர்.

"ஓம், ஜும்ஆ முடிஞ்ச கையோட."

தம்பிக்காரர் எழுந்து வந்து என் வாயருகே மூக்கை நீட்டினார். (எந்த வாயை ஒருவரும் நெருங்கக்கூடாது என்று அஞ்சினேனோ, அதே வாய்!) ஆழ்ந்து முகர்ந்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார். "மணக்குது காக்கா. ஆனா இது வேற ஏதோ புதுச் சாமான்."

பெண்ணின் வாப்பா செருப்பைத் தேடினார். திரைக்குப் பின்னால் நின்ற ராத்தா போனோடு பாய்ந்து வந்தார். ஸ்பீக்கரில் டொக்டர்.

"அவருக்கு விறைக்கிற ஊசி போட்டது நான்தான். முரசைச் சுத்தம் செஞ்சு லேசரும் வெச்சிருக்கு. அதுதான் கதை குழறுது" என்று விளக்கியவர், அதோடு நிறுத்தியிருக்கலாம். "சொல்லித்தானே அனுப்பினன், அவர் குடிச்சாரா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"தேத்தண்ணி டொக்டர்! தேத்தண்ணிதான்!" என்று அலறினார் ராத்தா.

பெண்ணின் வாப்பா கழற்றி வைத்த தொப்பியைத் திரும்பப் போட்டார், எடுத்தார், போனை நோக்கிக் குனிந்தார். குரலைத் தாழ்த்தி, "டொக்டர், எனக்கும் பல்லு விளக்கக்குள்ள இரத்தம் வருது" என்றார். "எனக்கும் லேசர் வைப்பீங்களா?"

"முதல்ல வாங்க, சுத்தம் செய்வம். பிறகு பார்ப்பம்."

மறுவாரமே போனார். சம்பந்தமும் உறுதியாயிற்று.

நிக்காஹ் நாளில் பள்ளிவாசல் நிறைந்திருந்தது. மாமனார் என் கையைப் பிடித்தபடி, மகளை மணமுடித்துத் தரும் வாசகத்தைச் சொல்வதற்கு முன் காதருகே குனிந்தார்.

"மகன், இண்டைக்கு விறைக்கல்லதானே? தெளிவாச் சொல்லணும்."

சிரிப்பை அடக்க முடியாமல் நான் கத்திய "கபில்து" (ஏற்றுக்கொண்டேன்), ஒலிபெருக்கி இல்லாமலே பிரதான வீதிவரை கேட்டதாம். இன்றும் எங்கள் குடும்பத்தில் எந்த நிக்காஹ் நடந்தாலும், மாப்பிள்ளை வாய் திறப்பதற்கு முன் யாராவது ஒருவர் அவருடைய கீழுதட்டைத் தட்டிப் பார்க்கிறார்கள்.