நடக்காததற்கு ரசீது கேட்பவர்

செலவைக் கண்ணால் பார்க்கிறோம் அல்லவா, அதுபோல மிச்சத்தையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்கிற ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. வண்டிக்கு இன்ஷூரன்ஸ் கட்டிவிட்டு, வருடம் முழுக்க ஒரு விபத்துகூட நடக்கவில்லையே, பணம் வீணாயிற்றே என்று வருந்துகிறவர்கள் இவர்கள்தான். கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மேனேஜர் இளவரசன் இந்த இனத்தில் முழு வளர்ச்சி பெற்றவர்.

ஆன்டிபயாடிக் மருந்துகளைக் கண்டபடி போடக் கூடாது என்று அங்கே பெரிய டாக்டர் சுபஸ்ரீ ஒரு திட்டம் கொண்டுவந்தார். அதற்காகவே கண்ணகி என்ற மருந்தாளுநர் வேலைக்கு வந்தார். காலையில் கட்டில் கட்டிலாகப் போவார்; இந்த மருந்து இவருக்கு வேண்டுமா, எத்தனை நாளைக்கு, என்ன கிருமி என்று சோதித்தாயிற்றா, ஊசிக்குப் பதில் மாத்திரை போதாதா என்று கேட்பார்; கேட்டதை எழுதுவார், எழுதியதை டாக்டரிடம் காட்டி மாற்றவைப்பார், மாறியதா என்று பார்க்க மறுநாளும் வருவார். இளவரசன் பார்த்தது ஒன்றைத்தான். கண்ணகியின் சம்பளம்.

மூன்றாம் மாதம் கூப்பிட்டார்.

"இன்னாம்மா, எவ்ளோ மிச்சமாச்சு?"

"சீழ் புடிக்கிற கேஸ் கம்மி ஆயிருக்குங்க சார். திரும்பி வந்து படுக்கிறவங்களும் கம்மி."

"வராதவங்கள நான் எந்தக் கணக்குல எழுதுறது?"

நியாயமான கேள்விதானே? சுபஸ்ரீ எவ்வளவோ சொல்லியும் திட்டம் நின்றது. கண்ணகியை மருந்து கவுன்டருக்கு மாற்றினார்கள். இளவரசன் அன்று இன்னொரு கை சோறு கூடச் சாப்பிட்டார்.

இரண்டு மாதம் கழித்து, மலைமேல் கரியாலூரில் மரவள்ளி போட்டிருக்கும் ராசு குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்தார். நான்கு நாளில் வீடு திரும்ப வேண்டியவருக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்தது. ஏன் என்று கேட்க ஆளில்லை. ஒரு டாக்டர் ஓர் ஊசி எழுதினார், மறுநாள் வந்தவர் அதைவிட விலை கூடியதை எழுதினார், அதற்கும் மறுநாள் வந்தவர் இரண்டையும் சேர்த்துப் போடச் சொன்னார். கிருமி அசையவில்லை. பக்கத்துக் கட்டில்கள் இரண்டுக்கும் பரவியது. ஆபரேஷன் தியேட்டரையே ஒரு வாரம் மூட வேண்டியதாயிற்று.

பதினாறாம் நாள் ராசுவின் மனைவி இருசம்மாள் இளவரசனின் அறை வாசலில் வந்து நின்றாள்.

"வேளைக்கு வேளை ஊசி போட்டுக்கினுதான் இருக்காங்க சார். ஜொரம் எறங்கல. நேத்து என்னையே யாருன்னு கேட்டாரு. ஆளு வூடு வந்து சேருவாரா, அத மட்டும் சொல்லுங்க."

இளவரசனிடம் எல்லாவற்றுக்கும் ஓர் எண் உண்டு. இதற்கு இல்லை. எழுந்தார். கவுன்டர் வரைக்கும் தாமே நடந்துபோனார்.

"கண்ணகி, கொஞ்சம் மேல வாம்மா."

கண்ணகி முதல் வேலையாகச் சீழைச் சோதனைக்கு அனுப்பவைத்தார். மூன்றாம் நாள் முடிவு வந்தது. அந்தக் கிருமியிடம் பலிக்கக்கூடிய மருந்து ஒன்றே ஒன்று. சுபஸ்ரீ மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு அதை மட்டும் போட்டார். ராசு மெல்லத் தேறி, முப்பதாம் நாள் இருசம்மாளின் தோளைப் பிடித்தபடி மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினார்.

ராசு காப்பீட்டில் வந்தவர்; எத்தனை நாள் படுத்தாலும் ஆஸ்பத்திரிக்கு வருவது ஒரே தொகை, மேற்செலவெல்லாம் ஆஸ்பத்திரியின் தலையில். இளவரசன் கூட்டிப் பார்த்தார். கண்ணகியின் இரண்டு வருடச் சம்பளம் அந்த ஒரு மாதத்தில் போயிருந்தது. மறுநாளே கண்ணகி வார்டுக்குத் திரும்பினார். கூட்டங்களில் அந்தத் திட்டம் இளவரசனின் யோசனையாயிற்று.

அதன்பிறகு தியேட்டரை ஒருநாள்கூட மூடவில்லை. ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டிலுக்கு எதுவும் பரவவில்லை. போன வாரம் இளவரசன் சம்பளப் பட்டியலோடு சுபஸ்ரீயின் அறைக்குப் போனார்.

"ஒம்போது மாசமா ஒண்ணுமே நடக்கலீங்களே மேடம். இன்னும் கண்ணகி எதுக்கு?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன மாதம் சளி என்று டாக்டரிடம் போனீர்களே, மருந்தே வேண்டாம், நாலு நாளில் தானாகப் போய்விடும் என்று அவர் அனுப்பிவைத்தாரே, இருநூறு ரூபாயைக் கொடுத்துவிட்டுப் படி இறங்கும்போது என்ன முணுமுணுத்தீர்கள்?