மூன்றாம் மாடிக் கழிப்பறை அறிவிப்பு

"இன்னும் 'நடக்கிறது'தானா?" என்றார் மேடம்.

வாராந்திர முன்னேற்றத் தாளில் கடைசிக் கட்டத்துக்கு 'நிலை' என்று பெயர். அதில் 'நடக்கிறது', 'முடிந்தது' இரண்டில் ஒன்றைத்தான் எழுதலாம். போஸ்டர் இரண்டாவது வாரமாக 'நடக்கிறது' என்று எழுதியிருந்தான்.

போஸ்டர் என்பது அந்த அறை அவனுக்கு வைத்த பெயர். பல்கலைக்கழக வடிவமைப்புப் பிரிவில் தலைவியான மேடத்துக்குக் கீழே மாணவ உதவியாளர்கள் இரண்டே பேர். சுவரில் ஒட்டுவதெல்லாம் அவன் வேலை. திரையில் தெரிவதெல்லாம் எதிர் மேசைப் பெண்ணின் வேலை. அவளை எல்லோரும் வெப்சைட்டு என்பார்கள்.

"என்ன வேலை இது?"

"மூணாவது மாடி கக்கூஸ் ரிப்பேர்னு ஒரு நோட்டீஸ் மேடம்."

"கழிப்பறை."

"கழிப்பறை ரிப்பேர்னு ஒரு நோட்டீஸ் மேடம்."

"அதுக்கு ரெண்டு வாரமா?"

கழிப்பறை பூட்டிய அன்றே ஒரு தாளை எடுத்து, தடித்த பேனாவால் 'பழுது, வராதீர்கள்' என்று எழுதி அரை நிமிடத்தில் ஒட்டியவன் போஸ்டர். "கையால எழுதி ஒட்டுறதுக்கா டிசைன் பிரிவு வச்சிருக்கோம்?" என்று கேட்டு அதைக் கிழித்தவர் இதே மேடம்.

"இங்க பாரு. இது எட்டு வாரப் பருவம். அதுக்குள்ள ஒரு 'முடிந்தது'வாவது இல்லாதவங்களுக்கு அடுத்த பருவம் இந்த வேலை கிடையாது. ரூல்."

வேலை போனால் அதோடு கிடைத்த விடுதி அறையும் போகும். போஸ்டரின் மற்ற வேலைகளெல்லாம் யார் யாரோ போட வேண்டிய கையெழுத்துக்காகப் படுத்துக் கிடந்தன. முடிகிற வேலை என்று பார்த்தால் கக்கூஸ் ஒன்றுதான்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தால், குழாய்க்காரர் ஒரு பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தார்.

"தம்பி, நோட்டீஸ் ரெடியா?"

"நடந்துட்டு இருக்குண்ணே."

"அத ஒட்டினாத்தான் தம்பி என் நோட்டுல…"

"தெரியும்ணே, தெரியும். எனக்கும் அதே கதிதான்" என்று சொல்லிக்கொண்டே போஸ்டர் படிக்கட்டுக்கு ஓடினான். மூன்றாம் மாடியிலிருந்து கீழ்த்தளக் கழிப்பறைக்கு எழுபத்திரண்டு படி.

மூன்றாவது வாரம் முத்திரை அதிகாரி வந்தார். பல்கலைக்கழகச் சின்னம் எங்கெங்கே எந்த அளவில் இருக்க வேண்டும் என்று பார்ப்பது மட்டுமே அவருக்கு வேலை. அளவுகோலைத் தாளில் வைத்துப் பார்த்தார்.

"சின்னத்தைச் சுத்தி மூச்சு விட எடம் வேணும். நாலு பக்கமும்."

போஸ்டர் இடம் விட்டான். சின்னம் நடுவில் அரசனைப் போல உட்கார்ந்தது. 'கழிப்பறை பழுது' கீழே எறும்பு வரிசை போல ஓடியது.

"எழுத்து தெரியலையே?" என்றார் மேடம்.

"எழுத்தைப் பெருசாக்கினா சின்னத்துக்கு மூச்சு முட்டும்" என்றார் முத்திரை அதிகாரி.

போஸ்டர் தாளைப் பெரிதாக்கினான். பெரிய தாளுக்குச் சின்னமும் பெரிதாக வேண்டும் என்றார் அவர். சின்னம் பெரிதானது. எறும்பு எறும்பாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் செய்தார். அவர் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். வாரா வாரம் மகனிடம் ஒரே கேள்விதான் கேட்பார்.

"இந்த வாரம் என்னடா வேலை பாத்த?"

"சின்னத்தை எடப்பக்கத்துலேர்ந்து நடுவுல மாத்தினேம்பா."

"கனமா?"

"இல்லப்பா."

"தனியாவா தூக்குன?"

"கம்ப்யூட்டர்லப்பா."

அப்பா சற்று யோசித்தார். "அப்ப பெரிய லோடுதான்" என்றார்.

நான்காவது வாரம் 'பழுது' என்ற வார்த்தையே பழுதாகிவிட்டது.

"நம்ம நிறுவனத்துல பழுதுன்னு எதையும் சொல்லக் கூடாது. மனசுக்குத் தெம்பா இருக்கணும்" என்றார் மேடம். "'மேம்படுத்தப்படுகிறது'ன்னு போடு. கூடவே ஒரு மனுச மூஞ்சி. சிரிக்கிற மூஞ்சி."

"யாரு மேடம் கக்கூஸ் மூடியிருக்கறதுக்குச் சிரிப்பா?"

"கழிப்பறை."

போஸ்டர் எதிர் மேசையைப் பார்த்தான்.

"என்னையப் பாக்காத" என்றாள் வெப்சைட்டு. "கக்கூஸ் வாசல்ல நின்னு பல்லைக் காட்டுற மூஞ்சியா என் மூஞ்சி? எனக்கு நாளைக்குக் கல்யாணம் காட்சி நடக்க வேண்டாமா?"

கடைசியில் போஸ்டரே அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றான். அவள் படம் எடுத்தாள். காலையிலிருந்து கீழே போக நேரமில்லாமல் கால்களைப் பின்னிக்கொண்டிருந்தவன் அவன்.

"சிரி!"

"சிரிச்சிட்டுத்தான் இருக்கேன். சீக்கிரம் எடு தாயி, எழுபத்திரண்டு படி இருக்கு!"

படத்தை முத்திரை அதிகாரி கையில் வாங்கி, தூரத்திலும் கிட்டத்திலும் வைத்துப் பார்த்தார்.

"ஏன் தம்பி அழுவுற மாதிரி சிரிக்கிறீங்க?"

என்றாலும் சின்னத்துக்குத் தொந்தரவில்லாத இடத்தில் முகம் இருந்ததால், சின்னத்தை மட்டும் மறுபடி இடப்பக்கம் மாற்றச் சொல்லி ஒப்புதல் தந்தார்.

தாளில் மறுபடியும் 'நடக்கிறது'. வாசலில் மறுபடியும் குழாய்க்காரர்.

"தம்பி, ஒரு விசயம் சொல்லணும்…"

"அடுத்த வாரம்ணே, கண்டிப்பா!" போஸ்டர் படியில் பாதி இறங்கியிருந்தான்.

அந்த ஞாயிறு அப்பாவின் குரலே மாறியிருந்தது. "திரும்பவும் அந்தச் சின்னத்தையா மாத்தின? எவன்டா அவன், ஒரே மூட்டைய அங்கயும் இங்கயும் தூக்க வைக்கிறவன்? உங்க மேஸ்திரிகிட்ட போனைக் குடு."

"மேஸ்திரிதாம்பா தூக்கச் சொல்றாங்க."

"அப்ப ஓடி வந்துரு."

ஐந்தாவது வாரம், வேலையைச் சீக்கிரம் முடிக்க போஸ்டரே ஒரு வழி கண்டுபிடித்தான். சுவரில் ஒட்ட ஆயிரம் ஒப்புதல் வேண்டும்; வலைத்தளத்தில் போட மேடம் தலையாட்டினால் போதும். அங்கே போட்டுவிட்டால் 'முடிந்தது' என்று எழுதிவிடலாமே?

மேடம் தலையாட்டினார். ஆனால் ஒரு நிபந்தனை. "முகப்புப் பக்கத்துல கழிப்பறைங்கற வார்த்தை வேண்டாம். நாலு பேரு பாக்குற எடம்."

"அதை எடுத்துட்டா 'மூன்றாம் மாடி மேம்படுத்தப்படுகிறது. விரைவில் திறக்கிறோம்'னு மட்டும் நிக்கும் மேடம்" என்றாள் வெப்சைட்டு.

"நல்லாத்தானே இருக்கு!"

மத்தியானம் முகப்பில் ஏறியது. சின்னம், போஸ்டரின் அழுகைச் சிரிப்பு, 'விரைவில் திறக்கிறோம்!' சாயங்காலத்துக்குள் பிரிவின் தொலைபேசி சூடாகிவிட்டது. மூன்றாம் மாடியில் என்ன திறக்கிறீர்கள், சேருவதற்கு என்ன தகுதி, நுழைவுத் தேர்வு உண்டா என்று கேட்டார்கள். ஓர் அம்மா, தன் பெண்ணுக்கு அங்கே ஓர் இடம் ஒதுக்கி வைக்கச் சொன்னார்.

"எத்தனை மணி நேரத்துக்குன்னு கேளு" என்றாள் வெப்சைட்டு.

'முடிந்தது' என்று எழுதிய தாளை மேடம் திருப்பிக் கொடுத்தார். "சுவத்துல ஒட்டலையே. 'நடக்கிறது'ன்னு மாத்து."

ஆறாவது வாரம் முழுக்கத் தொலைபேசிக்குப் பதில் சொல்வதிலேயே போனது. ஏழாவது வாரம் துணைவேந்தர் அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். மேடம் எழுந்து நின்று பேசினார்.

"ஐயா முகப்புல பார்த்தாரு" என்றது எதிர்முனைக் குரல். "ரொம்ப சந்தோசம். வர்ற வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அவரே வந்து திறந்து வைக்கிறாரு. என்ன திறக்கிறோம்னு சொன்னா உரை தயார் பண்ணிடுவோம்."

மேடம் போனை மறு காதுக்கு மாற்றினார். "மூன்றாம் மாடி… ஒரு வசதிங்க."

"என்ன வசதி?"

"அடிப்படை வசதி."

"ஆகா. மாணவர்களுக்கா, ஆசிரியர்களுக்கா?"

"ரெண்டு பேருக்கும் தேவைதாங்க."

போனை வைத்துவிட்டு மேடம் போஸ்டரைப் பார்த்தார். "உன்னாலதான்!"

"மேடம், இப்பவே போன் போட்டு கக்கூஸ்னு சொல்லிடலாம்."

"துணைவேந்தர்கிட்டயா? கழிப்பறைன்னு சொல்லவே எனக்கு வாய் வரல!"

வெள்ளிக்கிழமை திறப்பு விழா என்பதற்காக எல்லா ஒப்புதலும் ஒரே நாளில் கிடைத்தன. வியாழக்கிழமை மாலை, முகப்பில் போட்ட அதே வாசகத்தோடு கதவின் முழு அளவுக்கு அச்சான அறிவிப்பை போஸ்டரும் வெப்சைட்டும் ஆளுக்கு ஒரு முனை பிடித்து ஒட்டினார்கள். ஏழு வாரத்தில் முதன்முறையாக ஒரு வேலை சுவரைத் தொட்டது. போஸ்டருக்கு மகிழ்ச்சி வரவில்லை. பூட்டின் பின்னால் ஓர் உடைந்த கக்கூஸ். அதன் முன்னால் ஆளுயர அவன் முகம். ஐயா உள்ளே போய்த் தண்ணீரை இழுத்துப் பார்த்து, அது மேலே பொங்கினால், முதலில் தேடப்படும் முகம் அதுதான்.

குழாய்க்காரரைத் தேடி ஓடினான். வேறு கட்டடத்தில் குழாய் வெடித்து, அவர் அங்கே இடுப்பளவு குழிக்குள் நிற்பதாகச் சொன்னார்கள்.

காலை பத்து மணி. வாசலில் ரிப்பன், கத்தரிக்கோல், தட்டு. மூன்று மாடி ஏறி வந்த துணைவேந்தருக்கு மூச்சு வாங்கியது. அறிவிப்பைப் படித்தார். படத்தையும் போஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார். ரிப்பனை வெட்டினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு குழாய்க்காரர் வந்து, சேறு காயாத கையால் பூட்டைத் திறந்தார்.

உள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு கக்கூஸ்.

துணைவேந்தர் கதவைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், தான் ஏறி வந்த படிக்கட்டைப் பார்த்தார். பிறகு சட்டென்று உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

மேடம் சுவரில் சாய்ந்துவிட்டார். முத்திரை அதிகாரி சின்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "முன் வரிசையெல்லாம் கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று வெப்சைட்டு கிசுகிசுத்தாள். போஸ்டர் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

ஹோவென்று தண்ணீர் பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் அடங்கியது. ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

கதவு திறந்தது. துணைவேந்தர் முகத்தில் அப்படி ஓர் அமைதி.

"நல்ல காரியம் பண்ணியிருக்கீங்க" என்றார். "இந்த மாடிக்கு இது ரொம்ப நாளாத் தேவை."

கைதட்டலில் மாடியே அதிர்ந்தது. மேடம் அங்கேயே, சுவரில் முன்னேற்றத் தாளை வைத்து, தன் கையாலேயே 'முடிந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போஸ்டருக்கு விடுதி அறை, அடுத்த பருவம், அப்பாவிடம் சொல்ல ஒரு முழு வேலை எல்லாம் ஒரே நொடியில் கிடைத்துவிட்டன.

கூட்டம் கலைந்ததும் ஓடிப்போய்க் குழாய்க்காரரின் சேற்றுக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தெய்வமே! நேத்து குழிக்குள்ள நின்னீங்களே, இதை எப்பண்ணே சரி பண்ணீங்க?"

குழாய்க்காரர் கக்கத்திலிருந்த பதிவேட்டை விரித்து, கையெழுத்துக்காகப் பேனாவை அவனிடம் நீட்டினார்.

"இதுவா? பூட்டின அன்னிக்கே பத்து நிமிசத்துல முடிச்சிட்டேன் தம்பி. ரிப்பேர்னு நோட்டீஸ் ஒட்டாம ரிப்பேர் முடிஞ்சதுன்னு கணக்குல எழுதக் கூடாதாம், அதான் நீங்க ஒட்டுற வரைக்கும் பூட்டியே வச்சிருந்தேன்."