என் கை பதிந்த துப்பாக்கிப் பிடி

சாமி படத்துக்கு முன்னால் துப்பாக்கியை வைத்து, அதற்குச் சந்தனம் குங்குமம் இட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டவன் நான். இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அதன் பிறகு நடந்ததைச் சொல்ல இன்னும் வெட்கம்.

பயப்படாதீர்கள், அது வெறும் ஏர் பிஸ்டல். அப்போது பதினோராம் வகுப்பு படித்த என் மகள் நிவேதா திருவள்ளூரில் ஒரு கிளப்பில் துப்பாக்கி சுடப் பழகுகிறாள். மாவட்ட அணிக்கான தேர்வு விஜயதசமியன்று காலையில். வீட்டில் பிடித்துப் பழகுவதற்காக, கிளப்பில் அனுமதி வாங்கி பிஸ்டலைக் கொண்டுவந்திருந்தாள். அதன் மரப்பிடியை அவள் கைக்கென்றே கோச் செதுக்கித் தந்திருந்தார்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஆயுத பூஜை என்றால் ஃபோர்க்லிஃப்ட் முதல் ஸ்டேப்ளர் வரை பொட்டு இல்லாமல் எதுவும் தப்பாது. அங்கே எபாக்ஸி பசை தயாரிக்கும் கம்பெனியில் எனக்குத் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என் மானம் போகும்போது உதவும்.) ஆரம்பாக்கத்தில் எங்கள் வீட்டுப் பூஜையில் வருடா வருடம் ஸ்க்ரூ டிரைவரும் அரிவாள்மணையும்தான். முதல் முறையாக நிஜ ஆயுதம் வீடு தேடி வந்திருக்கிறது, விட மனசு வருமா?

"வேணாம் நைனா. கிளப்போட பிஸ்டல்."

"சாமிகிட்ட வெச்சா குறி தப்பாது. குடு."

பிடி பளபளக்கட்டுமே என்று நல்லெண்ணெய் வேறு தடவினேன். பொட்டு வைத்தேன். பக்திப் பரவசத்தில் கற்பூரத் தட்டைச் சுற்றியபோது முழங்கை இடித்து, பிஸ்டல் தரையில் விழுந்தது. பிடி நெடுக்காக இரண்டாகப் பிளந்துவிட்டது.

நிவேதா அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. கோச்சுக்கு போன் போட்டாள். அவர் எடுக்கவில்லை.

"கவலப்படாத. உன் நைனா எந்தக் கம்பெனில வேல செய்றாரு?" என்றேன். உடனே பிரசங்கமும் ஆரம்பித்தேன். துளி விட்டதும் ஒட்டுகிற பசை இருக்கிறதே, அது சட்டென்று பிடிக்கும், ஆனால் அதிர்ச்சி தாங்காமல் பட்டென்று விட்டுவிடும். தச்சு வேலைக்கான வெள்ளைப் பசை மரத்துக்கு நல்லதுதான், ஆனால் இறுக்கிக் கட்டி ஒரு நாள் காயவிட வேண்டும், வியர்வை பட்டால் இளகும் என்ற பயமும் உண்டு. ஆகவே, இரண்டு டியூபிலிருந்தும் சரிபாதி எடுத்துக் கலக்கும் எபாக்ஸிதான் சரி. அதிலும் சீக்கிரம் இறுகுகிற ரகம்.

பசைத் தேர்வு சரியாகத்தான் இருந்தது. மற்ற எல்லாம்தான் தப்பு.

ஒட்டும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது என்று கம்பெனியில் புதிதாகச் சேரும் எல்லாருக்கும் வகுப்பு எடுப்பவன் நான்தான். பிடியைக் கழற்றினால், எண்ணெயும் குங்குமமும் பிளவுக்குள்ளேயே வழிந்திருந்தன. நன்றாகத் துடைக்கப் போனேன். என் மனைவி விமலா பதறினாள்.

"ஏங்க, சாமிக்கு வெச்ச பொட்ட அழிக்காதீங்க! நாளைக்குப் புள்ள போட்டிக்குப் போவுது."

நியாயமாக நான் சிரித்திருக்க வேண்டும். எனக்கும் உள்ளூரப் பயம். பொட்டுக்கு நோகாமல் வேட்டி நுனியால் ஒப்புக்கு ஒற்றிவிட்டுப் பசையைத் தடவினேன். குங்குமம் கலந்து அது தக்காளித் தொக்கு மாதிரி ஆனது. போட்டி நடுவில் விட்டுவிட்டால் என்ன செய்வது? அந்தக் கவலையில் மேலும் அப்பினேன். கவலை தீரவில்லை. இன்னும் அப்பினேன்.

இறுக்கிப் பிடிக்க வீட்டில் கிளாம்ப் இல்லை. மளிகைக்கடை பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு, நானே கிளாம்பாக உட்கார்ந்தேன். பசை சூடேறி இறுகும்வரை விமலா எனக்குச் சுண்டல் ஊட்டிவிட்டாள். கவரை உரித்தபோதுதான் தெரிந்தது, பிதுங்கிய பசையில் என் உள்ளங்கையும் விரல்களும் கவரின் சுருக்கங்களோடு அப்படியே பதிந்திருந்தன.

பிடியைப் பொருத்தி நிவேதா பிடித்துப் பார்த்தாள். "உன் கையப் புடிச்சிக்கினு சுடற மாரி கீது நைனா."

நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஊத்துக்கோட்டை வழியாகத் திருவள்ளூர் போய்ச் சேர்ந்தோம். ஏர் பிஸ்டல் ஒரு குறிப்பிட்ட அளவுப் பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பது விதி. எங்களுடையது அடங்கவில்லை.

பரிசோதித்தவர் பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா சார் இது, துப்பாக்கிக்கு அம்ம போட்டுக்குதா?"

வாசலில் உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்த்தேன். சட்டையெல்லாம் சிவப்புத் தூள். (போகிறவர் வருகிறவரெல்லாம் என்னைப் பிரசாதம் கொடுக்க வந்த பூசாரி என்று நினைத்திருக்கக் கூடும்.) ஒருவழியாகப் பெட்டிக்குள் அடங்கியது.

முதலில் நன்றாகத்தான் சுட்டாள். நான் பின்னால் நின்று, சாமியிடம் ஒவ்வொரு குண்டுக்கும் தனித்தனியாகச் சிபாரிசு செய்துகொண்டிருந்தேன். பாதிக்கு மேல் வந்தபோது 'டக்' என்று ஒரு சத்தம். நல்லெண்ணெய் தன் வேலையைக் காட்டிவிட்டது. பிடியின் ஒரு பாதி பிஸ்டலில், என் கை பதிந்த பாதி அவள் கையில். திரும்பி என்னைப் பார்த்தாள்.

தோழி ஒருத்தியின் பிஸ்டலை வாங்கி மீதியைச் சுட்டாள். அது அவள் கைக்குப் பெரிது. அணியில் இடம் கிடைக்கவில்லை.

கோச் அந்தப் பாதியைக் கையில் எடுத்தார். "யாரு ஒட்டுனது?"

"நான்தான் சார்."

"எங்க வேல செய்றீங்க?"

"பசை கம்பெனில."

"எந்த செக்‌ஷன்?"

நான் வாயைத் திறப்பதற்குள் நிவேதா முந்திக்கொண்டாள். "குவாலிட்டி, சார்." அன்று காலையிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான். சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில், "இனிமே நான் போட்டிக்கே வரல" என்றேன்.

"வா நைனா. கைய மட்டும் பாக்கெட்ல வெச்சுக்கோ."

அடுத்த தேர்வில் அப்படித்தான் நின்றேன். அவளுக்கு இடம் கிடைத்தது.

இப்போதெல்லாம் ஆயுத பூஜை வந்தால் பிஸ்டல் பீரோவுக்குள் போய்விடும். சாவி விமலாவின் இடுப்பில். அப்புறம் நிவேதா சந்தனக் கிண்ணத்தோடு வந்து என் வலது கையை விரித்து, நடு உள்ளங்கையில் பொட்டு வைப்பாள்.

"இந்த ஊட்லயே பேஜாரான ஆயுதம் இதான். இன்னிக்கு இதுக்கு லீவு."

கற்பூரம் அணையும்வரை நானும் கையை நீட்டியபடி, எதையும் தொடாமல் உட்கார்ந்திருப்பேன்.