செர்பிய எலிக்குத் தனிமை உறைக்காது

பிப்ரவரி, சனிக்கிழமை

பெருமதிப்பிற்குரிய ஸ்ரெத்தென் சித்தப்பா அவர்களுக்கு,

அண்ணன் மகள் நெவேனா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலம். உங்கள் முழங்கால் நலமா, கொல்லையில் பிளம் மரங்கள் இந்தப் பனிக்குத் தாக்குப்பிடித்தனவா, வியன்னாவில் யாரோ ஒருவருடைய அம்மாவைக் குளிப்பாட்டி ஊட்டிவிட்டுக்கொண்டிருக்கும் ரூஜிட்சா சித்திக்கு ஈஸ்டருக்காவது விடுப்புக் கிடைக்குமா என்றெல்லாம் அறிய ஆவல். மரியாதை இத்துடன் முடிந்தது. இனி வருவது முழுக்கக் கோபம். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

போன வாரம் தொலைபேசியில் மிலூத்தின் எப்படி இருக்கிறான் என்று கேட்டீர்கள். உங்களோடு சதுரங்கம் ஆடும் மிலூத்தினைச் சொல்லவில்லை, நான் அனுப்பிய படத்தைப் பார்த்து அவர் பெயரை நீங்கள் சூட்டிய என் எலியைக் கேட்டீர்கள். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. மிலூத்தின் இப்போது மெல்லிய சீவல்களாகக் கண்ணாடித் தகட்டின் மேல் இருக்கிறான். அவனுடைய மூளைதான் எனக்கு வேண்டியிருந்தது. நான் செய்கிற வேலையை உங்களுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன், நீங்கள் முதியோர் மன்றத்தில் போய் "எங்க நெவேனா எலிக்கு வைத்தியம் பாக்குறா" என்கிறீர்கள். வைத்தியம் இல்லை சித்தப்பா. மூளையின் ஒவ்வொரு செல்லிலும் எல்லா மரபணுக்களும் இருக்கின்றன. எது பேசலாம், எது வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று முடிவுசெய்யச் சில புரதங்கள் இருக்கின்றன. ஓர் எலியைப் பல வாரம் தனியாக அடைத்துவைத்தால் குறிப்பிட்ட ஒரு மரபணு வாயை மூடிக்கொள்கிறது. அதன் பிறகு எலி புதிதாக எதையும் கற்காது, மூலையில் சுருண்டு கிடக்கும். எந்தப் புரதம் போய் அந்த வாயைப் பொத்துகிறது என்பதுதான் என் முனைவர் பட்டம். அதற்கு எலி தனியாக இருக்க வேண்டும். இன்னோர் எலி கூடாது, மனிதக் குரல் கூடாது, வேறு தீனி கூடாது. இந்த மூன்று 'கூடாது'களின் மேல்தான் என் இத்தனை வருடப் படிப்பும் நின்றுகொண்டிருந்தது. நீங்கள் ரயிலேறி வரும்வரை நன்றாகவே நின்றது.

நவம்பரில் நம் ஸ்லாவா, குடும்பத்தைக் காக்கும் புனிதரின் திருநாள். புனித திமித்ரி நாளும் சோதனையின் கடைசி வாரமும் ஒன்றாக வந்து தொலைத்தன. வர முடியாது என்று அன்று காலையில் உங்களிடம் சொன்னேன். "அதுக்கென்ன கண்ணு, புனிதர் எங்க ஓடிடப்போறாரு, வேலயப் பாரு" என்றீர்கள். அன்றைக்கே சாயங்கால ரயிலில் வந்து இறங்கினீர்கள். ஒரு கையில் மெழுகுவர்த்தி, ஒரு கையில் ஸ்லாவா ரொட்டி, முதுகில் ஊருக்கே போதுமான அளவு வேகவைத்து அரைத்து வால்நட்டும் சர்க்கரையும் சேர்த்த கோதுமை, கோட்டுக்குள் பிளம் சாராயம். எலிக்கூடத்துக்கு வெளியே தாழ்வாரத்தில் ஒரு நாற்காலி போட்டு, எதையும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு எதிர்க் கட்டடத்தில் இருந்த என் வேலைக்கு ஓடினேன். ஸ்லாவா மூன்று நாள் என்பதால் நீங்களும் மூன்று நாள் இருந்தீர்கள். ஒவ்வொரு தடவை நான் எட்டிப் பார்த்தபோதும் நாற்காலி காலியாக இருந்தது. கழிவறைக்குப் போயிருப்பீர்கள் என்று நினைத்தேன். மூன்று நாளும் அப்படியே நினைத்தேன், ஏனென்றால் நான் படித்தவள்.

ஜனவரியில் முடிவுகள் வந்தன. மூடிக் கிடக்க வேண்டிய மரபணு திறந்து கிடந்தது. லேசாக இல்லை, கதவைக் கழற்றி எடுத்துப்போன மாதிரி. உலகம் முழுக்கத் தனிமையில் அடைத்த எலிக்கு இது மூடுகிறது, எங்கள் எலிக்கு மட்டும் மூடவில்லை. நான் எங்கோ பிழை என்று திரும்பத் திரும்ப அளந்தேன். என் வழிகாட்டி, பேராசிரியர் விலோத்தியே, ஒரே ஒரு தடவை பார்த்தார். "நெவேனா, இது பிழையில்லம்மா. இது நம்ம மண்ணு" என்றார். மேல் தட்டுக் கூண்டுகளில் இருந்த எலிகளுக்கு மட்டும் மரபணு ஒழுங்காக மூடியிருந்தது என்பதைக் காட்டினேன். "அதுங்க நோஞ்சான். நீக்கிடு." காரணம் என்ன எழுதுவது என்று கேட்டேன். "ஒத்துழைக்கலன்னு எழுது." எழுதினேன் சித்தப்பா. அவர் கையெழுத்து இல்லாமல் எனக்குப் பட்டம் கிடையாது. பட்டம் இல்லாவிட்டால் என்னோடு படித்தவர்கள் போன அதே பேருந்தில் ஏறி நானும் மியூனிக்கில் போய்ப் பெட்டி அடுக்க வேண்டியதுதான்.

அதன் பிறகு நடந்ததை நீங்களே தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பெல்கிராடிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பேராசிரியர் புது வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வாடகைக்கு எடுத்தது போன்ற ஓர் எலியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். மறுநாள் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் 'செர்பிய எலிக்குத் தனிமை உறைக்காது'. எலிகளை வாங்கியதே ஹங்கேரியிலிருந்துதான் என்று நிருபரிடம் சொன்னேன், அவர் குறித்துக்கொள்ளவில்லை. சிரித்துவிட்டு மறந்திருப்பேன், உங்கள் ஊர் நகரசபைக்காரர் அந்தப் பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்காமல் இருந்திருந்தால். அவர் பேச்சை நீங்கள் எனக்குத் தொலைபேசியில் பெருமையோடு வாசித்துக் காட்டினீர்கள். "முதியோர் மன்றத்துக்கு விறகு, வெளிச்சம், காப்பி, எல்லாம் எதுக்கு? எலியே தாங்குது, நம்ம பெரியவங்க தாங்க மாட்டாங்களா?" அறிவியலே சொல்லிவிட்டதாம். மன்றத்தை மூடிவிட்டு அங்கே பந்தயக் கடை வைக்கப்போகிறார்களாம், அவருடைய மச்சான் எடுத்து நடத்துவாராம். பிள்ளைகளையெல்லாம் வெளிநாட்டுக்கு ஓட்டியாயிற்று, மனைவிமார்களை வெளிநாட்டுக் கிழவிகளுக்குத் துணையாக அனுப்பியாயிற்று, மிச்சமிருந்தது ஒரு கணப்பும் ஒரு சதுரங்கப் பலகையும். அதற்கும் என் எலியைச் சாட்சி கூப்பிடுகிறார்கள். நீங்களோ "உன் பேரு அடிபடுதே கண்ணு, மன்றம் போனா போகுது" என்றீர்கள்.

நேற்று ஆய்வுக்கூடத்தில் கொண்டாட்டம். எலிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் போகோல்யுப் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இதெல்லாம் உங்க சித்தப்பா கைராசிம்மா."

"எது?"

"எலிங்கதான். புனிதர் நாளன்னிக்கு ஒரே கூரைக்கு அடியில இருக்கிறவன் ஒண்டியா இருக்கலாமான்னு கேட்டாரு. சோதனைங்கன்னேன். சோதனைக்காகப் பாவத்தக் கட்டிக்குவியான்னாரு. அப்புறம் ஒரு மடக்கு ஊத்திக் குடுத்தாரு. எனக்கும் நாயம்னுதான் பட்டுச்சு."

"கூண்டைத் திறந்தீங்களா?"

"திறக்காம எப்படி விருந்து போடுறது? எல்லாத்தையும் பக்கத்து ரூமுக்குக் கொண்டுபோய் ஒண்ணா விட்டோம். ஆளுக்கொரு கரண்டி கோதுமை. மெழுகுவத்திகூட ஏத்தினோம், உங்க தீ எச்சரிக்கை மணிய மட்டும் கழட்டி வச்சோம். மேல் தட்டுதான் பாவம், அவருக்குத் தோள் தூக்க முடியல, நானும் நாற்காலியில ஏறுற நெலமையில இல்ல."

"யாராவது பார்த்தாங்களா?"

"யாரு பாக்குறது? மூணு நாளும் உக்காந்து பேசிக்கிட்டே இருந்தாரு. வீட்டுல மத்தியானம் வரைக்கும் கதவத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாராம், ஒரு ஈ காக்கா வரலியாம். அதான் கோதுமையைத் தூக்கிக்கிட்டு இங்க வந்துட்டேன்னாரு."

நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

எனவே சித்தப்பா, என் பட்டம் போயிற்று. தனிமையில் இருந்த எலிகள் என்று நான் எழுதியவை தனிமையில் இல்லை, விருந்தில் இருந்தன. திங்கட்கிழமை காலையில் போய்ப் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். அவர் என்னைத் துரத்துவார். துரத்தட்டும். சொல்லாமல் இருந்தால் பட்டம் கிடைக்கும், உங்கள் மன்றம் போகும். அப்புறம் அந்தக் காகிதத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டு அதற்குக் கீழே என்னால் உட்கார முடியாது. உங்களிடம் நான் கேட்பது இரண்டே: இதை ஊரில் யாரிடமும் சொல்லாதீர்கள் (ஏற்கெனவே சொல்லியிருப்பீர்கள் என்று தெரியும்), என் ஆய்வுக்கூடத்துப் பக்கம் இனித் தலைவைத்துப் படுக்காதீர்கள். பார்க்க வேண்டுமென்றால் நானே வருகிறேன். துரத்திய பிறகு எனக்கு நேரம் நிறைய இருக்கும்.

புனிதர் திமித்ரி உங்கள் முழங்காலைக் காக்கட்டும். சித்திக்கு என் முத்தங்கள். மிலூத்தின் அவர்களுக்கு, சதுரங்கம் ஆடுகிறவருக்கு, என் அன்பு; மற்றவனைப் பற்றி அவரிடம் மூச்சுவிட வேண்டாம்.

கோபம் தணியாத,
நெவேனா

பின்குறிப்பு: திங்கள் மாலை. தபாலில் போடுமுன் பேராசிரியரைப் பார்த்துவிட்டேன். சொன்னேன். வெளுத்துப்போனார். "யார்கிட்டயாவது சொன்னியா?" சித்தப்பாவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன் என்றேன். "போட்டாச்சா?" இல்லை. "போடாத." சொல்லிவிட்டுக் கணினித் திரையில் கீழ் தட்டையும் மேல் தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் மெதுவாக, "மூணே நாள்லயா திறந்துச்சு?" என்றார். பல வாரம் மூடிக் கிடந்த மரபணுவை எந்த மருந்தும் அவ்வளவு சீக்கிரம் திறந்ததில்லை. தனித்து விடப்பட்ட மேல் தட்டு, துணை கிடைத்த கீழ் தட்டு: நான் செய்ய நினைத்ததைவிட நல்ல சோதனையை நீங்கள் குடித்துவிட்டுச் செய்திருக்கிறீர்கள். மன்றத்தின் கதையைச் சொன்னேன்; மதியத்துக்குள் அவரே உங்கள் நகரசபைக்குத் தொலைபேசி போட்டு, தனிமை உறைக்கும், ரொம்பவே உறைக்கும், கிழவர்களைக் கூட்டி வைத்தால்தான் நல்லது என்று சத்தம்போட்டார். மனச்சாட்சியால் என்று நினைக்க வேண்டாம், இது இன்னும் பெரிய சஞ்சிகையில் வரும். மன்றத்தை மூடும் முடிவைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். மச்சானுக்கு வேறு இடம் பார்க்கிறார்களாம்.

ஆகவே மேலே எழுதியதை மறந்துவிட்டுப் புறப்பட்டு வாருங்கள். சோதனையை முறைப்படி திரும்பச் செய்ய வேண்டும். அனுமதி விண்ணப்பத்தில் உங்களைச் 'சூழல் காரணி' என்று குறிப்பிட்டிருக்கிறோம், கோபித்துக்கொள்ளாதீர்கள். கோதுமை, வால்நட், சர்க்கரை எவ்வளவு என்று சித்தியிடம் கேட்டுக் கிராமில் எழுதி வாருங்கள். 'ஒரு கை' என்றால் ஏற்க மாட்டார்கள். எலிகளுக்குப் பெயர் வைக்கக் கூடாது. ஒரு குழுவுக்குக் கோதுமை மட்டும் வைப்போம், நீங்கள் போகக் கூடாது. இன்னொரு குழுவோடு நீங்கள் மூன்று நாளும் உட்கார்ந்து பேச வேண்டும், கோதுமை கிடையாது. மூன்றாவது குழுவில் எலிகளை ஒன்றாக விடுவதோடு சரி. எது மரபணுவைத் திறந்தது என்று தெரிய வேண்டும். போகோல்யுப்போடு பந்தயம் கட்டியிருக்கிறேன். நான் கட்டியது கோதுமையின் மேல் இல்லை.