மெல்லாமல் விழுங்கிய வெற்றி

என் கணவர் மதியழகன் போன மாதம் ஒரு மாபெரும் தீர்மானம் எடுத்தார்: இனி இந்தக் குடும்பம் பெங்களூருக்குச் சாப்பிடப் போகாது. பாப்பாரப்பட்டியில் உரக்கடை வைத்திருப்பவருக்கு இத்தாலியும் ஜப்பானும் எதற்கு என்பது அவருடைய வாதம்.

வாதத்துக்குப் பின்னால் வரலாறு உண்டு. இத்தாலிய உணவகத்தில் அவர் பாஸ்தாவுக்கு ஊறுகாய் கேட்டார். ஜப்பானிய உணவகத்தில் கொடுத்த குச்சிகளில் ஒன்றால் முதுகைச் சொறிந்தார். மற்றொன்றை, தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுக்கலாமென்று சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

நானோ கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவள். வகுப்புக்கு விடுமுறை உண்டு, அடுப்புக்குக் கிடையாது. மாதத்தில் ஒரு ஞாயிறாவது நான் சமைக்காத ஒன்றை யாரேனும் என் முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டும். என் கோரிக்கை அவ்வளவே.

அதை நேராக மறுக்கும் துணிவு அவருக்கு இல்லை. ஆகவே தந்திரத்தில் இறங்கினார்.

"சுசித்ரா, இந்த ஞாயித்துக்கெழம பெங்களூர் போலாம். ஆப்பிரிக்கா ஓட்டல்."

"ஆப்பிரிக்காவா? அங்க என்னாங்க சாப்பிடுவாங்க?"

"யாருக்குத் தெரியும்? நீதான உலகச் சாப்பாடு கேட்ட. தட்ட முழுசா முடிச்சுட்டா, மாசம் ஒரு ஞாயிறு நீ கைகாட்டற ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போறேன். பாதியில எழுந்துட்டா, பெங்களூருங்கற பேச்சே இந்த வூட்ல கூடாது."

சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். அவருடைய கைபேசி கட்டிலில் திறந்தே கிடந்தது. வாயில் நுழையாத பெயராகத் தேடி ஓர் உணவைத் தேர்ந்தெடுத்திருந்தார். அதன் கீழிருந்த விளக்கத்தைப் படிக்கவில்லை. பூச்சிமருந்து டப்பாவையே படிக்காமல் விற்கிறவர் அவர். நான் படித்தேன். மரவள்ளிக் கிழங்கை அவித்து, இடித்து, உருண்டையாகப் பிடிப்பார்களாம். கையால் கிள்ளி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டுமாம்.

நான் பென்னாகரத்துப் பெண். கேழ்வரகுக் களியை அப்படித்தான் விழுங்கி வளர்ந்தேன். மூன்று தலைமுறையாக நெல்லுச்சோறு தவிர வேறொன்றும் தொடாத வம்சம் என்ற பெருமையில், இந்த வீட்டுக்குள் களியை விடாதவர் என் கணவர். கைபேசியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, பயப்படத் தொடங்கினேன்.

மறுநாள் காலை, பக்கத்து வீட்டு மலர்விழி தயிருக்கு உறை மோர் வாங்க வந்த நேரம் பார்த்து ஆரம்பித்தேன்.

"என்னாங்க, நெனச்சாலே பயமா இருக்குது. ஆப்பிரிக்கா வேணாங்க."

மகிழ்ச்சி அவர் மீசை வரை பரவியது. "அதெல்லாம் கெடையாது. பேசுனது பேசுனதுதான்."

"நான் முடிச்சுட்டா, கடையில லோடு வருதும்பீங்க."

"சொல்லவே மாட்டேன். மலர்விழிதான் சாட்சி."

"நீங்களும் அதையேதான் சாப்பிடணும். தயிர்சாதம் கேக்கக் கூடாது."

"யூரியா மூட்டைய ஒத்தையாத் தூக்கறவன்டி நான்!"

"யூரியாவ யாரும் திங்கச் சொல்லலீங்களே," என்றாள் மலர்விழி.

ஞாயிறு வந்தது. பெங்களூரில் அந்த உணவகம் கூடைகூடையாக விளக்குகளைத் தொங்கவிட்டு, உள்ளே வருகிறவர் முகம் தெரியாத அளவுக்கு மட்டும் ஒளி கொடுத்தது. வெள்ளைத் தட்டில் ஆவி பறக்க ஓர் உருண்டை வந்தது. அருகே வேர்க்கடலை அரைத்துவிட்ட ஆட்டுக்கறிக் குழம்பு.

என் கணவர் புன்னகையோடு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ம்... சாப்புடு."

கை கழுவினேன். கிள்ளினேன். நடுவில் குழி செய்து, குழம்பை அள்ளி விழுங்கினேன். தொண்டைக்குத் தன் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. அப்புறம் அது நிற்கவேயில்லை.

அவருடைய புன்னகை மெல்ல இறங்கியது. முள்கரண்டியால் குத்தினார், உருண்டை முழுவதும் கரண்டியோடு எழுந்து வந்தது. கத்தியால் அறுத்தார்; கத்தி திரும்பி வர மறுத்தது. கடைசியில் பெரிய துண்டாக வாயில் போட்டு, நெல்லுச்சோற்று வம்சத்துக்கே உரிய கம்பீரத்தோடு மென்றார்.

அதுதான் அவர் செய்த பிழை. மெல்ல மெல்ல அது மேல்வரிசைப் பல்லையும் கீழ்வரிசைப் பல்லையும் சேர்த்து ஒட்டியது.

பரிமாறியவர் என் தட்டை வியப்போடு பார்த்தார். "மேடம், உங்க ஊரு மண்டியாவா? ராகி முத்தே உருண்டை சாப்பிடற கை மாதிரி இருக்கு."

"பென்னாகரங்க. நாங்க களிம்போம். இன்னொரு உருண்டை கொண்டாங்க."

"ம்ம்... ம்ம்ம்!" என்றார் என் கணவர்.

அது ஆட்சேபமாக இருக்கலாம். ஆனால் எழுத்தாகவோ பேச்சாகவோ வராத ஆட்சேபத்தை எந்தச் சபையும் ஏற்பதில்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது என்று அறிவித்து, இரண்டாவது உருண்டையையும் முடித்தேன்.

ஓசூர் தாண்டிய பிறகுதான் அவருக்கு வாய் திறந்தது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியுங்க. நீங்க படிக்காம வுட்டத நான் படிச்சேன். அவ்வளவுதான்."

ஆனாலும் தோல்வியைத் தோல்வியென்று ஒப்புக்கொள்ளும் ஆண் எங்கள் தெருவில் இன்னும் பிறக்கவில்லை. திங்கட்கிழமை கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், "ஆப்பிரிக்கா சாப்பாடு சாப்ட்ருக்கீங்களா? வூட்டுக்காரிய மாசாமாசம் நான்தான் கூட்டிட்டுப் போறேன்" என்று மார்தட்டினார். வந்தவர்கள் உரத்தோடு அந்தச் செய்தியையும் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். பொழுது சாய்வதற்குள் மலர்விழியும், எங்கள் தெருவிலேயே இருக்கிற மணிமேகலையும் தீர்த்தம்மாளும் எங்கள் வாசலில் நின்றார்கள். அவர்களுடைய கணவன்மார் என் கணவரைப் பார்த்த பார்வையைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

அடுத்த மாதம் மெக்சிகோ. எங்கள் காரில் ஐந்து பேர் உட்காரலாம். நான்கு இடங்களில் பெண்கள் நாங்கள், ஸ்டீயரிங் இருக்கிற இடம் மட்டும் அவருக்கு.