வெயிலில் நின்ற கார்

மோர் மிளகாய் போடுவது குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் என் கணவர் குமரன் பேசுவதைக் கேட்டால், எனக்குக் கைவிலங்கு மாட்டாததுதான் பாக்கி. எங்கள் வீட்டில் எது நடந்தாலும் கடைசியில் என் தலையில்தான் விடியும். அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால், பாசாரில், அதாவது மார்க்கெட்டில், பச்சை மிளகாய் கொள்ளை மலிவாகக் கிடந்தது. விடுவேனா? பை நிறைய வாங்கிவந்து, கீறி, உப்புப் போட்ட தயிரில் ஊற வைத்தேன். இனி நல்ல வெயிலில் நாள் கணக்கில் காய வேண்டும். நாங்கள் இருப்பதோ பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் ஓர் அடுக்குமாடி வீடு. நடைபாதையில் ஒரு முறம் வைத்தால்கூட நிர்வாகத்து ஆள் வந்து நிற்பான். பால்கனியில் வெயில் எட்டிப் பார்ப்பதோடு சரி. பினாங்கு மழை என்ன, சொல்லிக்கொண்டா வருகிறது?

அப்போதுதான் கீழே திறந்தவெளியில் நின்ற எங்கள் கிழட்டுக் கார் கண்ணில் பட்டது. கண்ணாடியை ஏற்றிவிட்டால் உள்ளே அடுப்புதான். மழை நனைக்காது, காக்கா தொடாது. (இதையே ஓர் ஆம்பிளை யோசித்திருந்தால் பேப்பரில் படத்தோடு போட்டிருப்பார்கள்!) குமரன் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போய்விடுவார். நான் டேஷ்போர்டின் மேல் துணி விரித்து மிளகாயைப் பரப்பிவிடுவேன். சில நாளில் மிளகாய் கலகலவென்று காய்ந்துவிட்டது.

அந்தக் காரை விற்கப் போகிறோம் என்பது எனக்குத் தெரியாதா? விற்றால்தான் புதுக் கார். நீலக் கலர் என்று முடிவு செய்ததே நான். எந்தக் கோயிலில் பூஜை போடுவது என்பது வரை யோசித்து வைத்திருந்தேன். அப்படிப்பட்டவள் வேண்டுமென்றா வியாபாரத்தைக் கெடுப்பாள்?

ஒரு சனிக்கிழமை காலையில் குமரன் காப்பியை உறிஞ்சிக்கொண்டே சாவகாசமாகச் சொன்னார்.

"இன்னிக்குக் கார் பார்க்க ஆள் வராரு. அக்கரையில பட்டர்வொர்த்ல சாப்பாட்டுக் கடை வச்சிருக்காரே, காதர் அண்ணே. மகளுக்கு வாங்கணுமாம். ஃபெரி ஏறிட்டாரு."

"இதை நேத்தே சொன்னா வாயில முத்தா உதிர்ந்துடும்?" என்று கத்திக்கொண்டே கீழே ஓடினேன். மிளகாயை அள்ளினேன். துடைத்தேன். மல்லிகை வாசனை ஸ்பிரேயை அரை டின் அடித்தேன். கண்ணுக்குத் தெரிந்த வரையில் ஒரு காம்புகூட மிச்சமில்லை.

காதர் அண்ணே மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்து, குமரனுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். மூக்கைச் சுளித்தார்.

"என்னா தம்பி, மல்லிப்பூவும் புளிச்ச தயிரும் ஒண்ணா வாசம் வருது?"

"பழைய கார்ண்ணே, அப்படித்தான்லா இருக்கும்" என்று சமாளித்த மனுஷர் அதோடு நிறுத்தினாரா? "ஏசியைப் பாருங்க, ஐஸ் மாதிரி!" என்று முழுவேகத்தில் திருகிவிட்டார். யார் கேட்டார்கள்?

அத்தனை நாளும் ஏசித் துளைகளுக்குள் விழுந்து காய்ந்திருந்த மிளகாய் விதை மொத்தமும், தூளோடு சேர்ந்து இரண்டு பேர் முகத்திலும் வந்து அடித்தது. காதர் அண்ணே தும்மிய தும்மலில் கார் குலுங்கியது. "ஏசியை நிறுத்துங்க!" என்று நான் வெளியிலிருந்து அலற, கண்ணைத் திறக்க முடியாத குமரன் வைப்பரைப் போட்டார்.

ஒருவழியாக இருவரையும் வெளியே இழுத்து, தண்ணீர் கொடுத்தேன். முகம் கழுவிய காதர் அண்ணே, சட்டையில் ஒட்டியிருந்த விதைகளைத் தட்டிவிட்டார். ஒன்றை மட்டும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"மோர் மிளகாயா? யாரும்மா போட்டது?"

"நான்தாண்ணே" என்றேன்.

"கார் வேணாம்மா. மக பயந்துடும். மிளகாய் இருந்தா கொஞ்சம் கொடுங்க."

அவர் 'கொஞ்சம்' என்றது பாதி டப்பா. நீலக் காரும் போச்சு, மிளகாயும் போச்சு! குமரன் இன்றுவரை, "உன் மிளகாயாலதான்" என்கிறார். ஏசியைத் திருகிய கை யாருடையது என்று கேட்டால் மட்டும் காது கேட்பதில்லை.

அதன்பின் வேறு யாரும் அந்தக் காரைக் கேட்டு வரவில்லை. இப்போதும் பாசாரில் மிளகாய் விலை இறங்கினால் போதும், காதர் அண்ணனிடமிருந்து போன் வந்துவிடும்.

"தம்பி, கார் வெயில்லதானே நிக்குது? வித்துடாதீங்க!"

நான் நீலக் கார் என்று வாயைத் திறந்தாலே, எங்கள் மகள் யாழினி காதர் அண்ணன் குரலில் அதையே சொல்கிறாள்.