வரதனின் மண் முன்னேற்ற அறிக்கை

தேர்வாய் கண்டிகைக்குக் கம்பெனிகள் வந்த பின்னாலேயே லிட்டில் சிகரம் மழலையர் பள்ளியும் வந்தது. அங்கே வாரத்துக்கு ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதைக் குழந்தைகளுக்கு முறைப்படி அறிமுகம் செய்துவைப்பார்கள். பழ வாரம், நிற வாரம், வட்ட வாரம் ஆகியவை எவ்வித அசம்பாவிதமும் இன்றி நடந்தேறியபின் மண் வாரம் வந்தது.

திங்கட்கிழமை காலை அருணா தன் மகன் வரதனைத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டினாள். நாலு வயசுக்காரன். முதல் நாள்தான் தண்ணீர் கட்டி உழுது சேடை ஓட்டிய கழனியில் விழுந்து புரண்டிருந்தான். காது மடிப்பில் இருந்த சேற்றை எடுக்கவே அரை வாளித் தண்ணீர் செலவானது. பவுடர் அடித்து, சாக்ஸ் மாட்டி, பொட்டு மண் இல்லாமல் அவனை மண் வாரத்துக்கு அனுப்பிவைத்தாள்.

மதியம் பள்ளியிலிருந்து போன். உடனே வரவேண்டுமாம்.

நௌஷீன் மிஸ் பழவேற்காட்டுப் பெண், தங்கமான குணம். எழவு சொல்ல வந்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஒரு படிவத்தை நீட்டினாள். அதில் ஐந்து கட்டங்கள். திங்கள்: குழந்தை மண்ணைக் கண்டு தயங்குகிறது. செவ்வாய்: ஒரு விரலால் தொடுகிறது. புதன்: உள்ளங்கையில் ஏந்துகிறது. வியாழன்: பிசைகிறது. வெள்ளி: மகிழ்கிறது.

"வரதன் திங்கக்கிழமையே மகிழ்ந்துட்டான்மா."

"நல்லதுதானே மிஸ்?"

"அப்ப வெள்ளிக்கிழமை இன்னா பண்ணுவான்?"

பையன் மகிழ்ந்ததோடு நிற்கவில்லை. தட்டில் கொட்டிவைத்த மண்ணில் வரப்பு கட்டி, மடை திறந்து, தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துப் பாய்ச்சியிருக்கிறான். பக்கத்தில் விதிப்படி தயங்கிக்கொண்டிருந்த அத்னானை டிராக்டராக்கிச் சேடையும் ஓட்டிவிட்டான். அத்னானும் மகிழ்ந்து தொலைத்ததால் அவன் படிவமும் பாழ்.

தாளாளர் சந்திரமோகன் பொறுமையாக விளக்கினார். "உங்க புள்ளைக்கு மண்ணு தெரியுமா தெரியாதாங்கறது எங்க கவலை இல்லம்மா. எவ்ளோ முன்னேறியிருக்கான், அதான் கேள்வி. எல்லாம் தெரிஞ்சிகினு வந்தா முன்னேற்றம் சைபர்."

ஒரு வாரத்தில் தேறாவிட்டாலும் எல்.கே.ஜி.யில் சேர்க்கை கிடையாது என்பது பள்ளியின் விதி. ஆனாலும் கருணை அடிப்படையில் வரதனுக்கு மட்டும் ஒரு மறு மண் வாரம் அனுமதிக்கப்பட்டது. அடுத்த திங்களுக்குள் மேற்படி மாணவன் தயங்கக் கற்றுக்கொண்டு வரவேண்டும்.

அருணாவின் புருஷன் குப்புராஜ் காலையில் கழனி, மதியத்துக்குமேல் கம்பெனி என்று இருப்பவன். கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தான். நெல்லு போடுற ஊட்டுப் புள்ள மண்ணுல ஃபெயிலா என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னான். எல்.கே.ஜி. விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. தினமும் கம்பெனி கேட்டில் செருப்பு மண்ணைத் தட்டிவிட்டு உள்ளே வரச்சொல்லும் செக்யூரிட்டி ஞாபகத்துக்கு வந்திருப்பான் போலும்.

"பயம் காட்டிடு," என்றான்.

சொல்வது சுலபம். செவ்வாய்க்கிழமை அருணா வரப்போரம் நின்று சேற்றில் கட்டைவிரலை வைத்து, தேள் கொட்டியவள் போலக் குதித்துக் காட்டினாள். வரதன் கைதட்டி, இன்னொரு தரம் குதிக்கச் சொன்னான். புதன்கிழமை சேற்றுக்குள் பூச்சாண்டி இருக்கிறான் என்றாள். அவனைப் பிடிக்க மண்வெட்டி கேட்டான். பத்தாவது வரை படித்தவள், மூளை இல்லாமலா போகும்? வியாழக்கிழமை வேறு வழி கண்டுபிடித்தாள். சட்டையில் பொட்டு மண் பட்டாலும் செல்போனில் ஓடும் பொம்மைப்படத்தை அணைத்தாள். கை கழுவினால் படம் ஓடியது. காலில் சேறு என்றால் படம் நின்றது.

சனிக்கிழமை சாயங்காலம் வரதன் தன் குதிகாலில் ஒட்டிய சேற்றைத் தானே பார்த்து அழுதான். அருணா அவனை வாரித் தூக்கிக்கொண்டாள். ஆனாலும் எல்.கே.ஜி. ஆயிற்றே.

மறு மண் வாரத்தின் திங்கட்கிழமை அவன் தயங்கிய அழகைப் பார்க்க நௌஷீன் மிஸ் பக்கத்து வகுப்பு மிஸ்ஸையும் கூப்பிட்டு வந்தாள். இப்படி ஒரு தயக்கத்தை இந்தப் பள்ளி கண்டதில்லை என்று தாளாளரே பாராட்டினார். செவ்வாய்க்கிழமையும் தயங்கினான். புதன்கிழமை தட்டைக் கண்டதும் பெஞ்சுக்கு அடியில் போனான். வியாழக்கிழமை இரண்டு கையையும் சட்டைக்குள் இழுத்துக்கொண்டான். நடுவில் இருந்த மூன்று கட்டங்களும் காலியாகக் கிடக்க, மகிழ வேண்டிய வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது.

அன்று தாளாளர் நேரிலேயே வந்தார். தன் செல்போனில் பொம்மைப்படத்தைப் போட்டு வரதன் முன் பிடித்தார். பையன் வாய்விட்டுச் சிரித்தான். அந்த நொடியில் நௌஷீன் மிஸ் அவன் மணிக்கட்டைப் பிடித்துச் சேற்றில் முக்க, போட்டோ எடுக்கப்பட்டது. குழந்தை மகிழ்கிறது. அதற்கப்புறம் வேன் வரும்வரை அலறினான். அலறலுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

மறுவாரம், மண் முன்னேற்றம் நூற்றுக்கு நூறு என்று சான்றிதழ் வந்தது. எதிர்வீட்டுச் சின்னப்பொண்ணு தன் மகளை இழுத்துக்கொண்டு வந்து, "எங்களுதும் போன வருசம் மொதநாளே மகிழ்ந்துட்டு வீணாப்போச்சிடி. இன்னா பண்ண, சொல்லிக்குடு," என்று கேட்டாள். அருணா ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தாள். அந்த வாரக் கடைசிக்குள் தெருவில் பாதிப் பிள்ளைகள் வாசலில் இறங்கத் தயங்கின. தாய்மார்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

சனிக்கிழமை அடுத்த சுற்றறிக்கை வந்தது. குடும்ப வாரம். திங்கள்: குழந்தை தந்தையைக் கண்டு ஒதுங்குகிறது. செவ்வாய்: தூரத்திலிருந்து பார்க்கிறது. புதன்: அருகில் வருகிறது. வியாழன்: பெயர் சொல்கிறது. வெள்ளி: கட்டிக்கொள்கிறது.

இந்தத் தடவை பள்ளியிலிருந்து போன் வரட்டும் என்று அருணா காத்திருக்கவில்லை. வரதன் "அப்பா" என்றால் படம் நின்றது. அப்பா எங்கே என்று கேட்டால் செல்போன் பீரோவுக்குள் போனது.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய, குப்புராஜ் கழனியிலிருந்து வந்தான். "வாடா நைனா," என்று கையை நீட்டினான். வரதன் அவனை மேலும் கீழும் பார்த்தான். ஓடிப்போய் அருணாவின் பின்னால் நின்றுகொண்டான்.

"யாரும்மா இது?"

"பாத்தியா மாமா," என்றாள் அருணா, வாயெல்லாம் பல்லாக. "ரெண்டே நாளு. மொத கட்டம் எவ்ளோ சுத்தமா வருது பாரு."

குப்புராஜ் தலையை ஆட்டினான். பிள்ளை படிப்பில் சூட்டிகை என்பதில் அவனுக்கும் சந்தோஷம்தான். நீட்டிய கையை மட்டும் மெதுவாக இறக்கிக்கொண்டு கேட்டான்:

"வெள்ளிக்கிழமைக்குள்ள என்னைத் தெரிஞ்சிடும் இல்ல?"